வாய்ப்புக்குக் காத்திராத பாட்டு

புதிய தமிழ் ராப் பாட்டு ஒன்று யாரையாவது உலுக்கிவிட்டால், கேட்டவர் மனமாரச் சொல்லும் வாழ்த்து பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: இந்தப் பையனுக்குச் சீக்கிரம் சினிமாவில் வாய்ப்புக் கிடைக்கட்டும். அன்போடு சொல்லப்படும் வாழ்த்துதான். பாடியவரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார். பல நேரங்களில் அவர் கேட்க விரும்புவதும் அதைத்தான். இருந்தும் அந்த வாழ்த்து என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. காதில் விழுந்து முடிந்த ஒரு பாட்டை, இனி வரப்போகும் எதற்கோ எழுதப்பட்ட விண்ணப்பமாக அது ஆக்கிவிடுகிறது. பாட்டில் என்ன இருந்தது, எந்த அடி தடுமாறியது, எந்த இடத்தில் குரல் தாளத்தை விட்டு விலகி மறுபடி வந்து பிடித்தது என்ற பேச்சுக்கெல்லாம் முன்பாகவே, அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. தமிழில் கடந்த இருபது ஆண்டுகளாக உருவாகி வந்திருக்கும் சுயாதீன ராப் இசையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன். அந்தப் பாட்டுகளைத் தேடிக் கண்டடைகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில், சினிமா அவற்றை எப்போது கண்டடையும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோமோ என்பதே என் ஐயம்.

இந்தக் காணொளிகளில் என்ன இருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தால் இந்த ஐயம் வலுக்கிறது. மொட்டைமாடியில் சிண்டெக்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் பாடுகிறார். பின்னால் எட்டுப் பத்து நண்பர்கள். சிலர் கேமராவைப் பார்க்கிறார்கள், சிலர் பார்க்க வெட்கப்படுகிறார்கள். ஹவுசிங் போர்டு மாடிப்படியின் இருட்டு, மின்பெட்டி, கொடியில் காயும் துணி, சாயங்கால வெளிச்சம் போவதற்குள் எடுத்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லாமே படத்தில் தெரிகின்றன. பீட் பெரும்பாலும் இணையத்தில் கிடைத்ததாக இருக்கும். அதைச் செய்தவரின் குரல் முத்திரை தொடக்கத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுப் போகும். மும்பை குர்லாவின் நேஸி 2014இல் ‘ஆஃபத்’ பாட்டை ஓர் ஐபேடைக் கொண்டே பதிவுசெய்து, அதிலேயே படம்பிடித்து வெளியிட்டார் என்பது இந்தியத் தெரு ராப்பின் தொடக்கக் கதைகளில் ஒன்றாகிவிட்டது. அந்தக் கதையைப் பலரும் ஏழ்மையின் சாதனையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. எழுதியவர், பாடுபவர், முகம் காட்டுபவர், நிற்கும் இடத்துக்கு உரியவர் எல்லாரும் ஒரே ஆள். படத்திலிருக்கும் சந்து வாடகைக்கு எடுத்ததோ செட் போட்டதோ இல்லை. பாட்டில் வரும் பெயர்கள் பின்னால் நிற்பவர்களின் பெயர்கள். காணொளியை இங்கே பாட்டுக்கான விளம்பரமாகப் பார்க்க முடியாது. இதைச் சொல்பவன் நான், இங்கிருந்து சொல்கிறேன் என்று பாட்டின் கீழே போட்ட கையெழுத்து அது.

தமிழ்ச் சினிமாப் பாட்டின் அடிப்படை இதற்கு நேர் எதிரானது. பின்னணிப் பாடல் முறை வந்த நாள் முதல் ஒருவர் எழுத, ஒருவர் இசையமைக்க, ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்கிறார். அதில் ஒலிக்கும் ‘நான்’ இந்த நால்வரில் யாருக்கும் முழுதாகச் சொந்தமில்லை. அந்தப் பொதுமைதான் அதன் பலம்; யாரும் தம் காதலையோ துக்கத்தையோ அதில் ஏற்றிக்கொள்ளலாம். 1994இல் வந்த ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ நம் தலைமுறைக்கு ராப் என்ற வடிவத்தையே அறிமுகப்படுத்தியது. பேட்டைப் பேச்சு அதில் துள்ளியது. ஆனால் குரல் சுரேஷ் பீட்டர்ஸ் உள்ளிட்டோருடையது, உடல் பிரபுதேவாவுடையது, பேட்டை என்பது படத்தின் ஒரு சூழல். பாட்டில் குறையில்லை. அது ராப்பின் ஒலியை எடுத்துக்கொண்டது, கையெழுத்தை எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். டிவைனும் நேஸியும் 2015இல் வெளியிட்ட ‘மேரே கல்லி மே’ பாட்டுக்கும் இதுவே நடந்தது. தங்கள் சந்தைப் பற்றி இருவர் பாடிய அந்தப் பாட்டு 2019இல் ‘கல்லி பாய்’ படத்துக்குள் வந்தபோது நாயகன் ரன்வீர் சிங்கின் குரலும் அதில் சேர்ந்துகொண்டது. படம் அந்த இளைஞர்களை நாடு முழுக்க அறியச் செய்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சந்து யாருடையது என்ற கேள்விக்கு இருந்த தெளிவான விடை அதன் பிறகு கலங்கிப் போனது.

கையெழுத்து போனால் போகட்டும், கலை மிஞ்சுகிறதே என்று ஒருவர் சொல்லலாம். கலை எந்த அளவுக்கு மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ராப்பின் வழக்கமான அலகு பதினாறு பார் கொண்ட ஒரு வெர்ஸ். ஓர் எண்ணத்தைத் தொடங்கி, திருப்பி, எதிர்பாராத இடத்தில் முடிக்க அந்த நீளம் வேண்டும். பெரிய படங்களின் பாட்டில் ராப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் ஒரு துண்டு. ‘லியோ’வின் ‘நா ரெடி’ பாட்டில் அசல் கோலாறின் பகுதியைக் கேட்டால், பாட்டின் வேகத்தை ஏற்றிவிடும் வேலை அதற்குத் தரப்பட்டிருப்பது தெரியும். வேலையை அவர் செவ்வனே செய்கிறார். இடம் குறுகும்போது முதலில் காணாமல் போவது மொழி நுட்பம். தமிழில் கடைசிச் சீரை ஒலியொத்து முடிப்பது மிக எளிது. வினைமுற்று விகுதிகளே அதைச் செய்து கொடுத்துவிடும். ‘கிறேன், கிறேன்’ என்று எத்தனை அடி வேண்டுமானாலும் இயைபு போட்டுக்கொண்டே போகலாம். அதனால் இயைபை மட்டும் நம்பும் தமிழ் ராப் நாலாவது அடியிலேயே சலித்துவிடும். தேர்ந்தவர்கள் அடியின் தொடக்கத்துக்குப் போகிறார்கள். எதுகையையும் மோனையையும் பீட்டின் விழுகைக்கு எதிராக வைக்கிறார்கள். ‘வந்துகொண்டு’ என்பதை ‘வந்துகினு’ என்று சுருக்கும் சென்னைப் பேச்சின் விரைவைப் பயன்படுத்தி ஓர் அடிக்குள் இரண்டு அடியின் செய்தியை நுழைக்கிறார்கள். பால் டப்பாவின் ‘170சிஎம்’ போன்ற பாட்டுகளில் சொல்லின் பொருளுக்கு முன்னால் அதன் தெறிப்பு நம்மை வந்தடைகிறது. அதே குரலை 2024இல் ‘பிரதர்’ படத்தின் ‘மக்காமிஷி’ வழியாகத்தான் பலரும் முதலில் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் எத்தனை பேர் அவருடைய தனிப்பாட்டுகளுக்குத் திரும்பினார்கள் என்பதைவிட, திரும்ப வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்பதே என் கேள்வி.

வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் இந்தப் பாதை வெகுவாகத் தேய்ந்து கிடக்கிறது. கானா இதே வழியில்தான் போனது. வடசென்னையில் இறப்பு வீடுகளில் இரவு முழுக்கப் பாடப்பட்ட பாட்டு அது. தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் சினிமாவின் துள்ளல் பாட்டாக மாறியது. துக்கத்தையும் தத்துவத்தையும் சுமந்த அந்த வடிவம் பொது நினைவில் கேலிக்கும் குத்தாட்டத்துக்கும் உரியதாக ஒடுங்கியது. கானா பாலா ‘அட்டகத்தி’யில் பாடிய 2012க்கு முன், கானா பாடுபவருக்கே உரிய குரலைச் சினிமா அரிதாகவே பொருட்படுத்தியது. தமிழ் ராப்பின் முதல் பெரும் அலை மலேசியாவிலிருந்து வந்தது. யோகி பி மற்றும் நட்சத்ராவின் ‘வல்லவன்’ 2006இல் வெளிவந்தது. அதில் நம் செவிகளைத் திறந்த ‘மடை திறந்து’, ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டின் மேல் கட்டப்பட்டது. சுயாதீனமாக வந்த குரலும் சினிமாவின் நினைவைக் கைப்பிடித்துத்தான் நம் வீட்டுக்குள் நுழைய முடிந்தது. அடுத்த ஆண்டே யோகி பி ‘பொல்லாதவன்’ படத்தில் ஒலித்தார். ஹிப்ஹாப் தமிழாவின் ‘ஹிப் ஹாப் தமிழன்’ 2012இல் தனித் தொகுப்பாக வந்தது. 2015இல் ‘ஆம்பள’ மூலம் அவர்கள் திரைப்பட இசையமைப்பாளர்கள். 2017இல் அவர்களில் ஒருவரான ஆதி தானே இயக்கி நடித்த ‘மீசைய முறுக்கு’ அந்தச் சுயாதீன நாட்களையே கதையாக்கியது. இன்று அந்தத் தொகுப்பைப் பெரும்பாலோர் நினைப்பது அந்தக் கதையின் முதல் அத்தியாயமாக. தொகுப்பாக அது எப்படி இருந்தது என்று விரிவாக எழுதப்பட்ட ஒரு நல்ல கட்டுரையைத் தேட வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் எழும் மறுப்பு நியாயமானது, வலுவானது: பாடுகிறவர் சாப்பிட வேண்டாமா? யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெற ஆயிரம் சந்தாதாரர்களும், ஓர் ஆண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது நெடுநாளைய விதி. ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே தருவதில்லை. இந்த வாசல்களைத் தாண்டியவர்களுக்கும் கிடைப்பது, அடுத்த பாட்டை ஒழுங்காக மிக்ஸிங் செய்யக்கூடப் போதாமல் போகலாம். ஒரு சினிமாப் பாட்டு தரும் பணமும் அதன் பிறகு வரும் மேடைகளும் ஒரு வீட்டின் கடனை அடைக்கும். இதையெல்லாம் அறிந்துகொண்டே, சினிமாவுக்குப் போகாதே என்று ஒரு கலைஞரிடம் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை, சொல்லவும் மாட்டேன். போகிறவரைத் துரோகி என்று பழிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர் முடிவு அவருடையது. நான் பேசுவது கேட்பவரின் பழக்கத்தைப் பற்றி. சினிமா ஒருவருக்கு வேலை தரலாம். அந்த வேலை கிடைத்ததா என்பதை வைத்து, அதற்கு முன் அவர் செய்த பாட்டின் மதிப்பை நாம் கணக்கிடத் தேவையில்லை. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த எழுத்தாளரின் நாவலை அவருடைய பதவி உயர்வைக் கொண்டு யாரும் எடைபோட்டதில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு: சினிமாவே சில நேரங்களில் இந்தக் குரல்களுக்கு நேர்மையான இடம் தந்திருக்கிறதே. உண்மைதான். பா. இரஞ்சித்தின் ‘காலா’ 2018இல் வந்தபோது, தாராவி மண்ணிலேயே வளர்ந்து தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் பாடிவந்த டோப்பாடெலிக்ஸ் குழுவைச் சந்தோஷ் நாராயணனின் இசைக்குள் கொண்டுவந்தது. ராப் பாடகர் அறிவு அதே படத்துக்குப் பாட்டு எழுதினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பாலும் நவ்ஸ்-47உம் பாடிய ‘நீயே ஒளி’ ‘சார்பட்டா பரம்பரை’யோடு சேர்ந்தே பலரைச் சென்றடைந்தது. யாழ்ப்பாணத் தமிழ்த் தாய்க்குத் திருச்சூரில் பிறந்த வேடன், ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் தன் குரலிலேயே பாடினார். ஆனால் இவை நேர்மையாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. படத்துக்கு முன்பே இவர்களுக்கென்று ஒரு முழு உலகம் இருந்தது. படம் அதனிடம் வந்து கேட்டுப் பெற்றது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. இரஞ்சித்தும் டென்மாவும் உருவாக்கிய அந்தக் குழுவில் கானா பாடுபவர்களும் ராப் பாடுபவர்களும் பறை, சட்டி மேளம், கிட்டார் இசைப்பவர்களும் ஒன்றாக நின்றார்கள். சினிமா இயக்குநர் ஒருவரே, பாட்டு நிற்கச் சினிமாவுக்கு வெளியே ஓர் இடம் வேண்டும் என்று கண்டு அமைத்த மேடை அது. ‘மார்கழியில் மக்களிசை’ விழா அதைத் தொடர்ந்து வந்தது. சினிமாவின் நல்ல முன்னுதாரணங்களே சினிமாவுக்கு வெளியே உள்ள இடத்தின் தேவையைச் சொல்கின்றன.

அப்படியானால் சுயாதீனம் என்ற ஒன்றே போதுமா? இந்த இடத்தில் என் தரப்பையே நான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அறிவும் ஆஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ தமிழில் அரசியலை முழுத் தொகுப்பாகப் பேசிய ராப் ஆக்கங்களில் முக்கியமானது. விவாதிக்கப்பட வேண்டிய அளவுக்கு அது விவாதிக்கப்படவில்லை. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யை உலகமே கேட்டது. அதுவும் சினிமாவுக்கு வெளியே வந்த பாட்டுத்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு அதன் சொற்களை எடுத்தார். ஆனாலும் அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இசை இதழின் அட்டையில் அவர் இல்லை, எதிர்ப்பு எழுந்த பிறகே அவருக்கென ஒரு மின்னட்டை வந்தது. அடுத்த ஆண்டு, பாட்டை யார் எழுதியது, யார் இசையமைத்தது, யார் பங்கு எவ்வளவு என்ற விவாதம் பொதுவெளியில் வெடித்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து வருமானம் எதுவும் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று அதன் இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். சினிமாவை விட்டு விலகியதால் மட்டும் கையெழுத்து காப்பாற்றப்படாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை. பாட்டு பெரிதாகப் பெரிதாக, அதன் முகமாக எளிதில் ஏற்கப்படுபவர் முன்னால் வருகிறார். சொல்லைத் தந்தவர் பின்னால் போகிறார். அதைத் தடுக்க அன்று முனைந்தவர்கள் யார் என்று பார்த்தால், ‘தெருக்குரல்’ காலம் முதல் அறிவைத் தெரிந்திருந்தவர்களே முன்னால் நின்றார்கள். அந்த அட்டையில் ஓர் ஆள் குறைகிறார் என்பதைக் கவனிக்க, அந்த ஆளை ஏற்கெனவே கேட்டிருக்க வேண்டும்.

சுயாதீனமாக வருவதெல்லாம் போற்றத்தக்கது என்ற மயக்கமும் எனக்கில்லை. வெளிவரும் ராப் பாட்டுகளில் பெரும்பகுதி வெறும் பீற்றல். அமெரிக்க உடல்மொழியின் நகல். பெண்களைப் பற்றிய அடிகளில் பல கேட்கவே கூசுபவை. இன்னும் கவலைக்குரியது, சாதிப் பெருமிதம் இதே வடிவத்தைக் கைக்கொண்டிருப்பது. தென்மாவட்டங்களிலும் மேற்கிலும் குருபூசைக்கும் தலைவர்களின் பிறந்தநாளுக்கும் வெளியிடப்படும் பாட்டுகளில் இதே பீட், இதே தாழ்கோணக் கேமரா, பின்னால் இதே நண்பர் கூட்டம். ஆனால் சொல்லில் அரிவாளும் ஆண்ட கதையும். தெருவிலிருந்து வரும் குரல் தன்னளவில் விடுதலையின் குரலாகிவிடாது. ஆகவே வேறுபடுத்திச் சொல்ல ஆள் தேவை. எது வடிவத்தில் தேறுகிறது, எது தேறியும் விஷமாக இருக்கிறது, எது நல்ல எண்ணத்தைக் கெட்ட எதுகையில் வீணடிக்கிறது என்று பெயர் சொல்லி, அடியைக் காட்டி எழுத வேண்டும். இந்தப் பொறுப்பைத்தான் நாம் சினிமாவிடம் விட்டிருக்கிறோம்: அது எடுத்துக்கொண்டால் நல்ல பாட்டு, எடுக்காவிட்டால் இன்னும் வளரவேண்டிய பாட்டு. எது எந்தச் சூழலுக்குப் பொருந்தும், எது பணம் ஈட்டும் என்று பார்ப்பது ஒரு தொழிலின் இயல்பான தேர்வு. அதை ரசனையின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது நம் சோம்பல். யூடியூபின் பரிந்துரையும் இந்த வேலையைச் செய்யாது. நேற்றுக் கேட்டதைப் போன்ற இன்னொன்றைக் கொண்டுவந்து தருவதற்கு மேல் அதற்கு நம் ரசனையில் அக்கறை இல்லை.

தெருப் பாட்டு கவனிப்பாரற்றுப் போவதன் விலை என்னவென்று நமக்கு முன்பே தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கொலை, வெள்ளம், ரயில் விபத்து, சாராயம், தாசி எல்லாவற்றைப் பற்றியும் மலிவுத்தாளில் அச்சாகித் தெருமுனைகளில் பாடி விற்கப்பட்ட சிறு பாட்டுப் புத்தகங்களைக் குஜிலி என்று புலவர் உலகம் ஒதுக்கியது. அவற்றைத் திரட்டி ஆராய்ந்து ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ எழுதிய பிறகுதான், சாதாரண மக்களின் நகர வாழ்க்கை பற்றி அவற்றில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று நமக்குத் தெரிந்தது. அந்தப் புத்தகங்களில் ஒரு பகுதி தப்பிப் பிழைத்ததில், அச்சிடுவதையெல்லாம் பதிவுசெய்து படி கொடுக்க வேண்டும் என்ற 1867ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்துக்குப் பங்குண்டு. கண்காணிக்கத்தான் அரசு அதைக் கேட்டது. ஆனாலும் தாள் மிஞ்சியது. இன்றைய காணொளிகளுக்கு அந்தத் தற்செயல் பாதுகாப்புகூட இல்லை. 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அங்கே மட்டும் பாடிக்கொண்டிருந்தவர்களின் பாட்டு இந்தியக் கேட்பாளருக்கு ஒரே நாளில் இல்லாமல் போனது. பீட்டுக்கு உரிமை கோரி யாராவது புகார் செய்தால் நீக்கப்படலாம். கடவுச்சொல்லை மறந்தால் வாசலே மூடிக்கொள்ளலாம். வரிகளை எழுதி வைப்பதும், யார் பாடினார், யார் பீட் செய்தார், எந்த ஆண்டு என்று குறித்து வைப்பதும் எளிய வேலைகள். அவற்றைச் செய்யும் அமைப்பு வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை.

சிறுபத்திரிகை வாசகருக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனி நம்பிக்கை இருக்கிறது. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கியபோது, புதுக்கவிதை கவிதையே இல்லை என்று சொன்னவர்கள் ஏராளம். வெகுஜன இதழ்களின் அங்கீகாரத்தை அது கேட்டு நிற்கவில்லை. சில நூறு பேர் படித்தார்கள். அந்தச் சில நூறு பேருக்குள் கவிதையோடு விமர்சனமும் சேர்ந்து வளர்ந்தது. ஒரு வரியை ஏன் அங்கே உடைத்தார் என்று எழுதி வாதாடினார்கள், சண்டை போட்டார்கள். 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தபோது அந்தக் கவிதைகளுக்கு ஏற்கெனவே தேர்ந்த வாசகர்கள் இருந்தார்கள். எண்ணிக்கையால் அளக்காமல் ஒரு படைப்பை அதன் இடத்திலேயே முழுமையாகப் படிக்கும் பழக்கத்தை இப்படித்தான் நாம் பெற்றோம். தமிழ் ராப்பிடம் இன்று பாட்டு இருக்கிறது, பாடுபவர்கள் இருக்கிறார்கள், கேட்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். குறைவது இந்தப் பழக்கம் ஒன்றுதான். அதை அந்த இளைஞர்கள் தாங்களாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது கேட்பவர்களின் வேலை. அடுத்த முறை ஒரு தனிப்பாட்டு நம்மை உலுக்கினால் அதைப் பாடியவருக்குச் சினிமா வாய்ப்பு கிடைக்க வாழ்த்துவதில் தவறில்லை. அதற்கு முன்பாக, அவருடைய பதினாறு பாரில் எது நின்றது, எது விழுந்தது என்று அவருக்குச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. ஒரு கலைஞர் தன் சமகாலத்திடம் கேட்கக்கூடிய மரியாதைகளில் அதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை.